மாக்சிம் கார்க்கிக்குச் சொந்தக்காரர்

1926 செப்டம்பரில் ‘நியூயார்க் ஈவினிங் போஸ்ட்’ ஓர் இளம் ஓவியரின் பேட்டியை வெளியிட்டது. பழம்பொருள் மோகம் அமெரிக்கக் கலையின் மூச்சை அடைக்கிறது என்று இளைஞர் பொரிந்து தள்ளியிருந்தார். கருத்து நல்ல கருத்துதான். ஆனால் இந்த மாதிரிக் கருத்து வைத்திருந்த இளைஞர்கள் அன்றைய நியூயார்க்கில் தெருவுக்குத் தெரு உண்டு. அவர்களை எந்தப் பத்திரிகையும் சீண்டவில்லை. இவருக்கு மட்டும் ஏன் இந்த மரியாதை என்பதைத் தலைப்பே சொல்லிவிட்டது. ஆள் மாக்சிம் கார்க்கியின் உறவினராம்.

இளைஞரின் பெயர் அர்ஷில் கார்க்கி. ‘தாய்’ நாவலைத் தமிழில் படித்துக் கண் கலங்கிய தலைமுறை நம்மிடையே இன்னும் இருக்கிறது; மாக்சிம் கார்க்கி என்ற பெயரின் எடை அவர்களுக்குத் தெரியும். ஒரே ஒரு சிக்கல். மாக்சிம் கார்க்கிக்கே அது சொந்தப் பெயர் இல்லை. அவர் அலெக்ஸி பெஷ்கோவ். கார்க்கி என்பது அவர் வைத்துக்கொண்ட புனைபெயர். புதுமைப்பித்தனின் ஒன்றுவிட்ட தம்பி என்று ஒருவர் வந்து நின்று, “பித்தன் என்பது எங்கள் குடும்பப் பெயர்” என்று சொன்னால் எப்படி இருக்கும்? நியூயார்க்கில் அதைக் கேட்டுக்கொண்டு பேட்டி எடுத்துப் போட்டார்கள்.

உறவு முறையோடு நம்மவர் நிறுத்தவில்லை. ரஷ்யாவில் நிஷ்னி நோவ்கோரத் நகரில் பிறந்ததாகச் சொன்னார். காண்டின்ஸ்கியிடம் ஓவியம் படித்ததாகச் சொன்னார். பிறந்த ஆண்டைக் கேட்டவர்களுக்கு ஆளுக்கொன்றாகப் பகிர்ந்தளித்தார். உண்மை என்னவென்றால் அவர் பெயர் வோஸ்தானிக் அதோயன். ஆட்டோமன் ராஜ்ஜியத்தில் வான் ஏரிக் கரையோரம் கோர்கோம் என்ற கிராமத்தில் பிறந்த ஆர்மீனியர். அப்பா குடும்பத்தை விட்டுவிட்டு முன்கூட்டியே அமெரிக்கா போய்விட்டார். 1915-ல் ஆர்மீனியர்களைக் கொன்று குவித்தபோது அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்தே யெரெவான் போய்ச் சேர்ந்தார். 1919-ல் அங்கே பட்டினியில் செத்துப்போனார். 1920-ல் தங்கையோடு அமெரிக்காவில் வந்து இறங்கிய பையனுக்குச் சொந்தக் கதை வேண்டாம் என்று தோன்றியதில் என்ன ஆச்சரியம்? வேறு கதை தேடினான். கிடைத்ததில் பெரிய கதையாகப் பார்த்து எடுத்துக்கொண்டான்.

புளுகுக்குப் பலன் இருந்தது. கிராண்ட் சென்ட்ரல் ஸ்கூல் ஆஃப் ஆர்ட் என்ற பள்ளியில் வாத்தியார் வேலை கிடைத்தது. பள்ளி இருந்த இடம் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் மாடி. கீழே ரயில் வரும், மேலே கலை வரும். ஆறடிக்கு மேல் உயரம், மீசை, கணுக்கால் தொடும் ஓவர்கோட். மாணவர்களுக்கு உணர்ச்சி போதவில்லை என்று ஒருமுறை வகுப்புக்கு வயலின்காரர் ஒருவரை அழைத்து வந்தார் என்றும் சொல்வார்கள். அதற்கு முன்பே இன்னொரு பள்ளியில் அவர் சட்டாம்பிள்ளையாக இருந்தபோது அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் பிற்பாடு ஓவியர் மார்க் ரோத்கோ ஆனான்.

காதல் கடிதங்களிலும் மனுஷன் ரொம்பச் சிரமப்படவில்லை. சிற்பி காதியே-பிரெஸ்காவின் கடிதங்களையும் கவிஞர் எலுவாரின் வரிகளையும் வைத்துக்கொண்டு ஈயடிச்சான் காப்பி அடித்து அனுப்பினார். வாங்கியவர்கள் உருகினார்கள். உருகாமல் என்ன செய்வார்கள், சரக்கு முதல் தரமாயிற்றே.

ஓவியத்திலும் அதே கதைதான். ஆனால் அங்கே ஒரு வித்தியாசம்: ஒளிக்கவில்லை. செசானைப் பார்த்து வரைந்தார். வரைந்தது செசான் மாதிரியே இருந்தது. பிறகு பிக்காசோவைப் பார்த்து வரைந்தார்; அது பிக்காசோ மாதிரியே இருந்தது. 1930-களின் தொடக்கத்தில் ஜூலியன் லெவி என்ற கேலரிக்காரரிடம் ஓவியங்களைத் தூக்கிக்கொண்டு போனார். இதெல்லாம் செசான் போல இருக்கிறதே, இதெல்லாம் பிக்காசோ போல இருக்கிறதே என்று லெவி இழுத்தார். ஆமாம், செசானோடு ரொம்ப நாள் குடித்தனம் பண்ணினேன், இப்போது பிக்காசோவோடு இருக்கிறேன் என்கிற பாணியில் பதில் சொன்னார் கார்க்கி, கூச்சமே இல்லாமல். லெவியும் சளைத்தவர் இல்லை. கார்க்கியோடு குடித்தனம் ஆரம்பித்ததும் வாருங்கள், கண்காட்சி வைக்கிறேன் என்று அனுப்பி வைத்தார். 1945-ல் வைக்கவும் வைத்தார். பதின்மூன்று வருஷத்துக்கு வரன் பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

பிக்காசோ பக்தி எந்த அளவுக்கு என்றால், அந்நாளில் நியூயார்க் ஓவியர்கள் பாடுபட்டு பிக்காசோவின் துல்லியமான விளிம்புகளைப் போடக் கற்றுக்கொண்டிருந்தார்கள். திடீரென்று பிக்காசோவின் புதிய ஓவியங்களில் பெயின்ட் வழிந்திருப்பதைக் கண்டு ஒருவர் புலம்பினார். இப்போதுதான் சுத்தமாகப் போடக் கற்றோம், அதற்குள் இந்த ஆள் ஒழுகவிட ஆரம்பித்துவிட்டாரே! கார்க்கியின் பதில் வந்தது: அவர் ஒழுகவிட்டால் நானும் ஒழுகவிடுவேன்.

இப்படிப்பட்டவரிடம்தான் வில்லெம் டி கூனிங் சீடராகப் போய்ச் சேர்ந்தார்.

டி கூனிங் 1904-ல் ராட்டர்டாமில் பிறந்தவர். அந்த ஊர் கலை அகாடமியில் முறையாகப் படித்தவர். பெர்ஸ்பெக்டிவ், எழுத்து எழுதுவது, பளிங்கு மாதிரியும் மரம் மாதிரியும் சுவரில் பெயின்ட் அடிப்பது எல்லாம் கை வந்தவர். கார்க்கி பேட்டி கொடுத்த அதே 1926-ல் ‘ஷெல்லி’ என்ற சரக்குக் கப்பலின் எஞ்சின் பகுதியில் ஒளிந்துகொண்டு, டிக்கெட்டும் கிடையாது பேப்பரும் கிடையாது என்று அமெரிக்கா வந்து இறங்கினார். ஹோபோகனில் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை கிடைத்தது; நாளுக்கு 9 டாலர். ஆக, ஒருவருக்கு முறையான படிப்பு உண்டு, முறையான பேப்பர் இல்லை. இன்னொருவருக்குப் பேப்பர் உண்டு, அதில் இருக்கும் பெயரில் அவர் இல்லை.

யார் யாருக்கு வாத்தியாராக இருந்திருக்க வேண்டும்? சான்றிதழைப் பார்த்தால் டி கூனிங்தான். நடந்தது தலைகீழ். ஹாலந்தில் தனக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம், தான் தெரிந்து வைத்திருக்க வேண்டியதெல்லாம், உண்மையில் கார்க்கிக்குத்தான் தெரிந்திருந்தது என்று பின்னாளில் டி கூனிங் மனம் விட்டுச் சொன்னார். காண்டின்ஸ்கியிடம் படித்ததாகச் சரடு விட்டவரிடம், நிஜமாகவே அகாடமியில் படித்தவர் பாடம் கேட்டார். கார்க்கி எந்தப் பள்ளிக்கும் ஒழுங்காகப் போகவில்லை, மியூசியத்துக்குப் போனார். தினமும் போனார். புத்தகங்களிலும் கறுப்பு வெள்ளை அச்சுப் படங்களிலும் அங்குலம் அங்குலமாக மேய்ந்தார். மெட்ரோபாலிட்டன் மியூசியத்திலும் பின்பு பிரிக் மாளிகையிலும் பிரெஞ்சு ஓவியர் ஆங்கரின் ஓவியங்களுக்கு எதிரே நின்றுகொண்டு, அந்தத் தோள்பட்டை எங்கே வளைகிறது, அந்தக் கோடு எங்கே மூச்சு விடுகிறது என்று கை வீசிப் பேசுவார். பக்கத்தில் டி கூனிங் பேசாமல் நிற்பார். குள்ளமான டச்சுக்காரர், நெட்டையான போலி ரஷ்யர். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் அரைகுறை. மியூசியக் காவலாளிகள் என்ன நினைத்திருப்பார்களோ.

கார்க்கியின் ஸ்டூடியோ யூனியன் சதுக்கத்தில் 36-ஆம் எண். பெரும் பொருளாதார வீழ்ச்சியின் காலம். வயிற்றுக்கு இருக்கிறதோ இல்லையோ, நல்ல பெயின்டும் நல்ல தூரிகையும் வாங்கிக் குவித்து வைத்திருப்பார். மரத்தரையை அவரே தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். ஓவியர் ஸ்டூடியோ என்றால் சிகரெட் துண்டும் அழுக்குத் துணியும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனவர்களுக்குச் செருப்பை வெளியே விடலாமா என்று தோன்றியிருக்கும். முதல் தடவை உள்ளே போன டி கூனிங்குக்குத் தலையே சுற்றியதாம். அவரே எழுதியிருக்கிறார், அந்தக் கடிதத்துக்குப் பிறகு வருகிறேன்.

அங்கே ஒரு ஓவியம் வருஷக் கணக்காக முடியாமல் நின்றுகொண்டிருந்தது. 1912-ல் வான் நகரத்தில் எடுத்த ஒரு புகைப்படம்: நாற்காலியில் அம்மா, பக்கத்தில் கையில் பூவோடு சிறுவன். அமெரிக்காவில் இருந்த அப்பாவுக்கு அனுப்புவதற்காக எடுத்தது. அதை வைத்து ‘ஓவியனும் அவன் தாயும்’ என்று இரண்டு பெரிய ஓவியங்கள். இரண்டும் பத்து வருஷத்துக்கு மேல் இழுத்தன. அந்தக் கார்க்கி ‘தாய்’ எழுதினார், இந்தக் கார்க்கி தாயை வரைந்தார்; இருவருக்கும் இடையே இருந்த ஒரே உறவு அதுதான். பெயின்ட் போட்டு மாதக் கணக்கில் காயவிடுவார். பிறகு ஓவியத்தைக் குளியல் தொட்டிக்கு மேல் பிடித்துக்கொண்டு சவரப் பிளேடால் சுரண்டுவார். தந்தம் போல வழவழவென்று ஆனதும் அதன் மேல் மறுபடி வரைவார். மறுபடி சுரண்டுவார். முகம் வந்தது, மேலங்கி வந்தது. கைகள் மட்டும் வரவே இல்லை. அம்மாவின் கைகள் வெள்ளையாகக் கலைத்துவிட்டது போலவே நின்றுவிட்டன.

1930-களின் கடைசியில் டி கூனிங் வரைந்த ஆண் உருவங்களைப் பாருங்கள். நாற்காலியில், சுவரோரத்தில் சோகமாக உட்கார்ந்தும் நின்றும் இருக்கும் ஆசாமிகள். கண் இருக்கும், தோள் இருக்கும், கை எங்கோ கரைந்து போயிருக்கும். அகாடமியில் கை வரையப் படித்தவருக்குக் கை வரவில்லை! குருவுக்கு வராதது சீடனுக்கு எப்படி வரும் என்று கிண்டல் செய்யலாம். ஆனால் டி கூனிங் பொறுக்கிக்கொண்டது அந்தக் கை அல்ல, அந்தச் சவரப் பிளேடு. சுரண்டு, திரும்ப வரை, பிடிக்கவில்லையா, திரும்பச் சுரண்டு. 1950-ல் தொடங்கி 1952 வரை அவர் ‘பெண் 1’ என்ற ஓவியத்தோடு மல்லுக்கட்டியதும், வெறுத்துப்போய் அதைக் கழற்றி ஓரம் கட்டியதும், கலை வரலாற்றாசிரியர் மேயர் ஷபீரோ வந்து பார்த்துத் தட்டிக் கொடுத்த பிறகு மீண்டும் எடுத்ததும் ஊரறிந்த கதை. அந்த முடிக்கத் தெரியாத வியாதி தொற்றிய இடம் யூனியன் சதுக்கத்துக் குளியல் தொட்டி என்பது என் கட்சி.

கார்க்கியோடு பழகுவது சுகமான காரியம் இல்லை. அடுத்தவர் கண்காட்சிக்குப் போய் நின்றுகொண்டு அடுத்தவரைத் திட்டுவார். அந்தக் காலத்து நியூயார்க்கில் தொழிலாளி, கலப்பை, உயர்த்திய முஷ்டி என்று வரைவதுதான் முற்போக்கு. அது ஏழைகளுக்கான ஏழைக் கலை என்று ஒரே போடாகப் போட்டார். இதே சமயம், 1934-ல், மாஸ்கோவில் சோவியத் எழுத்தாளர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, சோஷலிச யதார்த்தவாதத்துக்கு ஆசி வழங்கிக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா? நம்மவரின் ‘சொந்தக்காரர்’தான். குடும்பத்தில் இந்தக் கருத்து வேற்றுமை பற்றி நம்மவர் யாரிடமும் வாய் திறந்ததாகத் தெரியவில்லை.

ஒருமுறை சக ஓவியர்களையெல்லாம் டி கூனிங்கின் ஸ்டூடியோவில் கூட்டினார். எல்லோரும் வந்து உட்கார்ந்ததும், ஒப்புக்கொள்ளுங்கள், நாம் எல்லோரும் திவால் என்று அறிவித்தார். பரிகாரமும் கையோடு கொண்டுவந்திருந்தார்: தனித்தனியாகத்தான் முடியவில்லை, கோடு நன்றாக வருகிறவன் கோடு போடட்டும், வண்ணம் நன்றாக வருகிறவன் வண்ணம் போடட்டும், எல்லோரும் சேர்ந்து ஒரு ஓவியம் வரைவோம். கேட்டவர்கள் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். கூட்டு ஓவியம் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். ஆகவில்லை.

1935-ல் ரூஸ்வெல்ட் அரசு வேலையில்லாத ஓவியர்களுக்கும் சம்பளம் கொடுக்க ஆரம்பித்தது. வாரத்துக்கு 23 டாலர் 86 சென்ட். குருவும் சீடரும் சேர்ந்தார்கள். 1937-ல் குடியுரிமை இல்லாதவர்களைக் கழித்துக் கட்டியபோது டி கூனிங் வெளியே வந்தார். கப்பல் டிக்கெட்டில் மிச்சம் பிடித்த காசு அங்கே கழிந்தது. கார்க்கி நியூவர்க் விமான நிலையத்துக்கு 10 பெரிய சுவரோவியங்கள் செய்தார். விமானத்தைக் கழற்றிப் போட்டால் எப்படி இருக்கும் என்பது போன்ற படங்கள். பயணிகள் தாங்கள் ஏறப்போகும் வாகனத்தை அந்த நிலையில் பார்ப்பது நல்லதா என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. போர்க்காலத்தில் ராணுவம் விமான நிலையத்தை எடுத்துக்கொண்டது. பிறகு சுவருக்குச் சுண்ணாம்பு, அதற்கு மேல் இன்னொரு பூச்சு என்று 14 பூச்சு. 1970-களில் சுரண்டிப் பார்த்தபோது இரண்டே இரண்டு ஓவியங்கள் உயிரோடு கிடைத்தன. வாழ்நாளெல்லாம் சுரண்டியவருக்கு ஊர் செய்த பதில் மரியாதை.

போர் வந்ததும் கார்க்கியும் நாட்டுக்குச் சேவை செய்ய விரும்பினார். 1942 வாக்கில் அவர் நடத்திய வகுப்பின் பாடம்: எதிரியின் கண்ணில் படாமல் மாறுவேடம் போட்டு ஒளிந்துகொள்வது. இதற்கு மட்டும் அவரை விடத் தகுதியான ஆசிரியர் அமெரிக்காவில் இல்லை என்பதை நான் சத்தியம் செய்து சொல்வேன்.

சீடர் குருவுக்குத் திருப்பிக் கொடுத்ததும் உண்டு. ஒன்று, 1941-ல் ஆக்னஸ் மக்ரூடர் என்ற பெண்ணைக் கார்க்கிக்கு அறிமுகம் செய்துவைத்தது டி கூனிங்கும் அவர் பின்னாளில் மணந்த எலைனும்தான். அந்த வருஷமே கல்யாணம் முடிந்தது. (கணவரின் உண்மைப் பெயர் அவருக்குத் தெரிந்தது கணவர் இறந்த பிறகுதான். அறிமுகம் செய்தவர்களுக்கே தெரியாதபோது என்ன செய்வது.) இன்னொன்று, ஒரு தூரிகை. கடைப் பலகையில் எழுத்து எழுதுபவர்கள் வைத்திருக்கும், நீளமான மயிர் கொண்ட மெல்லிய தூரிகை. டி கூனிங் சோற்றுக்காகச் செய்த வேலையில் பழகிய சாமான் அது. பெயின்டைத் தண்ணீர் மாதிரி கரைத்துத் தொட்டு இழுத்தால் கோடு அறுந்துபோகாமல் ஓடிக்கொண்டே இருக்கும். கார்க்கிக்கு அதைக் காட்டிக் கொடுத்தார். அதுவரை அவர் கெட்டியாகப் பெயின்ட் போட்டுப் போட்டுச் சில ஓவியங்கள் கல்பலகை போலக் கனத்தன. அந்தத் தூரிகை வந்தது. டர்பன்டைன் விட்டுக் கரைத்துக்கொள் என்று சிலி நாட்டு ஓவியர் மாத்தா சொல்லிக் கொடுத்தார். 1943 கோடையில் வர்ஜீனியாவில் மாமனார் வீட்டுப் பண்ணைக்குப் போய்ப் புல்லுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு வரைய ஆரம்பித்தார். செசான் போய்விட்டார், பிக்காசோ போய்விட்டார். விதை போலவும் குடல் போலவும் பூச்சியின் கொடுக்கு போலவும் உருவங்கள் மிதந்தன. பெயின்ட் இஷ்டத்துக்கு ஒழுகியது, இந்தத் தடவை யாரிடமும் அனுமதி கேட்காமல். 1944-ன் ‘கல்லீரலே சேவலின் கொண்டை’ அந்த வகை. இப்போது பஃபலோ நகர மியூசியத்தில் இருக்கிறது. மாமனார் வீட்டில் தங்கி ஒருவருக்கு ஞானோதயம் வந்ததாக உலகக் கலை வரலாற்றில் வேறு உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

லெவியின் கேலரியில் 1945-ல் கண்காட்சி நடந்தபோது ஆந்த்ரே பிரெதோன் முன்னுரை எழுதினார். எழுதிய கையோடு இவர் எங்கள் சர்ரியலிஸ்ட் ஆள் என்று சேர்த்துக்கொண்டார். கடைசியில் கார்க்கி கார்க்கியோடு குடித்தனம் ஆரம்பித்த அன்றே வீட்டுக்கு விருந்தாளி வந்துவிட்டார்.

அடுத்த மூன்று வருஷத்தில் சிரிக்க ஒன்றும் இல்லை. 1946 ஜனவரியில் கனெக்டிகட்டில் ஸ்டூடியோ எரிந்து இருபதுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் சாம்பலாயின. இரண்டு மாதத்தில் புற்றுநோய் அறுவை சிகிச்சை. 1948 ஜூனில் லெவி ஓட்டிச் சென்ற கார் கவிழ்ந்து கார்க்கியின் கழுத்தெலும்பு முறிந்தது, வரைகிற கை சிறிது காலம் செயலிழந்தது. மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பிரிந்தார். ஜூலை 21-ஆம் தேதி கார்க்கி தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அதே 1948 ஏப்ரலில், சார்ல்ஸ் ஈகன் கேலரியில் டி கூனிங்கின் முதல் தனிக் கண்காட்சி நடந்திருந்தது. வயது 44. கறுப்பும் வெள்ளையுமான ஓவியங்கள். விலை மலிவான வீட்டுப் பெயின்ட். அதிகம் விற்காவிட்டாலும் விமர்சகர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஊரில் புது ஆள் ஒருவர் உயர ஆரம்பித்தால் நம் ஊரானாலும் அந்த ஊரானாலும் கணக்குப்பிள்ளைகள் வேலையைத் தொடங்கிவிடுவார்கள். கார்க்கிக்கு அஞ்சலியாக நடந்த கண்காட்சியைப் பற்றி ‘ஆர்ட் நியூஸ்’ இதழில் சின்னதாக ஒரு குறிப்பு வந்தது. கார்க்கியைப் பாதித்தவர்களில் டி கூனிங்கும் ஒருவர் என்று அதில் கண்டிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் அந்தப் பக்கத்தை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். செத்தவர் வந்து மறுக்கப்போவதில்லை. டி கூனிங் பேனாவை எடுத்தார். 1949 ஜனவரி இதழில் வந்த கடிதம் சுமார் பத்து வரிதான் இருக்கும். இது சுத்த அபத்தம் என்று ஆரம்பித்தார். பதினைந்து வருஷத்துக்கு முன் அந்த ஸ்டூடியோவுக்குள் நுழைந்தபோது தலை சுற்றியதையும், தெளிந்ததும் குறிப்பைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குத் தனக்குப் புத்தி இருந்ததையும் சொன்னார். யார் எங்கிருந்து வந்தார் என்று கணக்கெழுதுகிறவர்களுக்குத் தெரிந்தே ஆகவேண்டும் என்றால் எழுதிக்கொள்ளுங்கள், நான் வந்தது யூனியன் சதுக்கம் 36-ஆம் எண்ணிலிருந்து என்றார். அந்தப் பாதிப்பிலிருந்து தப்பிக்க முடியாததில் தனக்குச் சந்தோஷம்தான் என்றும் சேர்த்துக்கொண்டார். வாங்கிய கடனை வட்டியோடு பத்திரிகையில் விளம்பரம் போட்டுத் திருப்பித் தந்த ஓவியர் அந்தக் கும்பலில் இவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் எல்லோரும் சுயம்புவாக முளைத்தவர்கள். கேட்டுப் பாருங்கள், அவர்களே சொல்வார்கள்.

1950-ல் வெனிஸ் பியனாலேயில் அமெரிக்க அரங்கில் கார்க்கி, டி கூனிங், ஜாக்சன் போலாக் மூவரின் ஓவியங்களும் இடம் பெற்றன. டி கூனிங் அனுப்பியது ‘அகழ்வு’. அகலம் எட்டடிக்கு மேல், மாதக் கணக்கில் போட்டுச் சுரண்டிப் போட்டுச் சுரண்டி வந்தது. அதன் மஞ்சள் கலந்த வெள்ளைக்குள் ஓடும் கறுப்புக் கோடுகளைக் கார்க்கியின் விரல் எங்கே விட்டு டி கூனிங்கின் விரல் எங்கே தொட்டது என்று பிரித்துச் சொல்லக் கணக்குப்பிள்ளைகள் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறார்கள்.

கார்க்கியின் கணக்கிலும் பின்னால் ஒரு வரவு சேர்ந்தது. அவர் தங்கைக்கு ஆர்மீனிய மொழியில் எழுதியதாகக் கவித்துவமான கடிதங்கள் வெளிவந்தன. ஆராய்ச்சியாளர்கள் வாரி வாரி மேற்கோள் காட்டினார்கள். பல கடிதங்கள் தங்கை மகன் உட்கார்ந்து எழுதியவை என்று வாழ்க்கை வரலாறு எழுத வந்தவர்கள் பிற்பாடு கண்டுபிடித்தார்கள். அடுத்தவர் கடிதத்தைத் தன் பெயரில் அனுப்பியவருக்கு, தான் எழுதாத கடிதங்கள் தன் பெயரில் வந்து சேர்ந்தன. குடும்பத் தொழில் அழியவில்லை.

டி கூனிங்குக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது 1962-ல். டிக்கெட் இல்லாமல் வந்து இறங்கிய 1926-லிருந்து கணக்குப் போட்டால் 36 வருஷம். ஸ்டூடியோவின் எண்ணும் 36. நியூமராலஜி பார்ப்பவர்கள் துள்ளிக் குதிக்கலாம். கார்க்கி மட்டும் இருந்திருந்தால் அந்த ஏற்பாட்டைத் தானே மேலிடத்தில் பேசி முடித்ததாகச் சொல்லியிருப்பார்.